கொம்பைச் சுற்றிய கட்டுக்கதைகள்

தென்னாப்பிரிக்கக் காடுகளில் காண்டாமிருகங்கள் ஏன் கொல்லப்படுகின்றன என்று கேட்டால், கீழ்த்திசைக் கிழவர்கள் இழந்த வாலிபத்தைத் திரும்பப் பெறும் ஆசையால் கொம்பைப் பொடித்து உண்பதே காரணம் என்று பலரும் ஒரு புன்னகையோடு சொல்லிவிடுவார்கள். ரசமான கதைதான், ஆனால் சீன வைத்திய நூல்கள் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் லி ஷிசென் தொகுத்த பெருநூல் உட்பட அவை கொம்பை விதித்தது பெரும்பாலும் கடும் ஜுரத்தைத் தணிக்கவும் விஷத்தை முறிக்கவுமே. அதையும் 1993-இல் சீன அரசு மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்த நூற்றாண்டில் கொம்புக்குப் பெருஞ்சந்தையானது வியட்நாம். அங்கே ஒரு பிரமுகரின் புற்றுநோய் கொம்புப் பொடியால் குணமாயிற்று என்ற வதந்தி பரவியதும், புதுப் பணக்காரர்கள் குடிமயக்கம் தெளிய அதை அரைத்துக் குடிப்பதையும், காரியம் ஆகவேண்டிய இடத்தில் காணிக்கையாகக் கொடுப்பதையும் அந்தஸ்தாகக் கருதத் தொடங்கியதும் சேர்ந்துகொள்ள, தென்னாப்பிரிக்காவில் 2007-இல் 13 காண்டாமிருகங்களைப் பலிகொண்ட கள்ள வேட்டை, 2014-இல் 1,215 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிழவர்களின் சபலத்தைக் கேலி செய்யும் பிரசாரம், நோயாளித் தகப்பனுக்காகக் கொம்பு தேடும் மகனின் காதில் எப்படி ஏறும்?

கொம்பை அறுத்துவிடுவது விலங்குக்குச் சித்திரவதை என்பது இன்னொரு நம்பிக்கை. கொம்பு எலும்பன்று, நம் நகத்திலுள்ள கெரட்டினே அங்கு இறுகி வளர்ந்திருக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி எய்து, தள்ளாடிச் சாயும் விலங்கின் கண்களைத் துணியால் கட்டி, காதுகளை அடைத்து, உயிருள்ள அடிப்பகுதியைத் தொடாதபடி அளந்து கோடிட்டு ரம்பத்தை ஓட்டும்போது, துகள் பறக்குமே தவிர உதிரம் சிந்துவதில்லை. மாற்று மருந்து ஏற்றிய சில நிமிஷங்களில் அது எழுந்து புதருக்குள் போய்விடுகிறது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனப் பிரதேசத்தில் 2017 முதல் 2023 வரையிலான நிலவரத்தை ஆராய்ந்தவர்கள், கொம்பறுத்த காப்பகங்களில் வேட்டை 78 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். ஆயினும் இதைச் சர்வரோக நிவாரணி என்று கொண்டாடுவதற்கில்லை. கொம்பு மறுபடி வளரும்; மிஞ்சிய அடிக்கட்டைக்காகவும் கொல்லும் பாதகர்கள் இருக்கிறார்கள்.

அதே ஆராய்ச்சியில், எழுநூறு பேருக்குமேல் கைதானதற்கு அவ்விதப் பலன் தெளிவாகப் புலப்படவில்லை என்பது, ஏழை வேட்டைக்காரனைப் பிடித்துவிட்டால் கடத்தல் ஒழியும் என்று நம்புவோர் கவனிக்கத்தக்கது. கூலிக்குச் சுடுபவன் சிறைக்குப் போனால் அவனிடத்தில் நிற்க இன்னொரு வறியவன் கிடைப்பான். வனத்துக்குள்ளிருந்தே துப்புக் கொடுக்கும் கையாளுக்கும் பஞ்சமிராது. கடத்தல் எப்போதும் இருளில் ஒளிந்து நடப்பது என்பதும் பிரமையே. சும்லோங் லெம்தோங்தாய் என்ற தாய்லாந்துக்காரர், தம் நாட்டுப் பெண்களை வேட்டைக்காரிகளாக வேஷம் கட்டி நிறுத்தி, தென்னாப்பிரிக்க அரசே வழங்கிய அனுமதிச் சீட்டுகளின் துணையோடு கொம்புகளைக் கப்பலேற்றும் தொழிலை நடத்தினார். 2012-இல் நியாயஸ்தலம் அவருக்கு 40 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீடுகளில் அது 30 ஆகவும் பின்னர் 13 ஆகவும் குறைந்தது. 2018-இல் அவர் விடுதலையாகித் தாய்நாடு திரும்பினார்.