லாரி என்ன லோடு அடித்தது?

பழைய லாரி வாங்க வருகிற புதியவர் கேபினுக்குள் ஏறியதும் மீட்டரைத்தான் பார்ப்பார். விற்கிறவருக்கும் இது தெரியும். ஆகவே மீட்டர் காட்டும் எண்ணை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தொழில் தெரிந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த வண்டி இதுவரை என்ன லோடு அடித்தது என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி.

கேள்வி எளிமையானது, இந்தப் பகுதியில் பதில் பலவிதமாக இருக்கும். சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையிலிருந்து திண்டிவனத்தில் புதுச்சேரிச் சாலையும் கிருஷ்ணகிரிச் சாலையும் பிரிகின்றன. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர்ச் சாலை பிரிகிறது. டி.என். 16 என்ற திண்டிவனம் பதிவிலும் டி.என். 32 என்ற விழுப்புரம் பதிவிலும் விற்பனைக்கு நிற்கும் வண்டிகளில் சில வட இந்தியா வரை போய் வந்தவை, சில சொந்தத் தாலுகாவைத் தாண்டாதவை. புது பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டால் எது எதுவென்று தெரியாது.

மரக்காணம் உப்பளத்துக்கு ஓடிய வண்டியிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தார்ப்பாய் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உப்பு நீர் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸில் இறங்கும். வெளியே தெரியும் பக்கத்தைச் சுரண்டி பெயிண்ட் அடித்துவிடலாம். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவிலும், குறுக்குச் சட்டங்கள் சேரும் ரிவெட் மூட்டுகளிலும் தூரிகை போகாது. டார்ச்சும் சின்னச் சுத்தியலுமாக வண்டிக்கு அடியில் படுத்து அந்த இடங்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும். சேசிஸில் ஒட்டு வெல்டிங் தெரிந்தால் பேரம் அங்கேயே முடிந்தது. என்ன விலைக்குக் கொடுத்தாலும் அது மலிவல்ல.

திருவக்கரை, வானூர் பக்கத்துக் கல் குவாரிகளில் ஜல்லி அடித்த வண்டியில் ஏமாற்றம் வேறு மாதிரி. குவாரி நடை சின்னது, அதனால் கிலோமீட்டர் குறைவாகவே காட்டும். மேடு பள்ளத்தில், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும், கிளச்சை மிதித்தபடி நாள் முழுக்க இழுத்திருக்கும். டிப்பர் பாடியைக் கழற்றி லோடு பாடி கட்டி, நெடுந்தூர வண்டி என்று விற்பதும் உண்டு. ஹைட்ராலிக் மாட்டியிருந்த ஓட்டைகள் சேசிஸில் இருக்கின்றனவா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். கவனிக்க வேண்டியது இன்னொன்று: டிப்பரின் பின் ஆக்சிலில் உள்ள கிரௌன் பல்சக்கர விகிதம் இழுவைக்காக வைக்கப்பட்டது. அதே வண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுக்க எஞ்சின் கூடுதலாகச் சுற்ற வேண்டும். டீசல் செலவில் அது தெரியும்.

ஆலைக்குக் கரும்பு அடித்த வண்டி, காகித ஆலைக்கு உயரமாகச் சவுக்கு அடுக்கிப் போன வண்டி என்றால் பின் ஸ்பிரிங் பட்டைகளையும் சென்டர் போல்ட்டையும் பார்த்தால் போதும். பார்சல் சர்வீஸில் ராத்திரி ராத்திரியாக ஓடிய வண்டி மீட்டரில் பயமுறுத்தும் எண்ணைக் காட்டும். ஆனால் சீரான வேகத்தில், நல்ல சாலையில், ஒழுங்காக ஆயில் மாற்றி ஓடியிருந்தால் குவாரி வண்டியைவிட அதை நம்பலாம்.

சரக்கோடு வெள்ளத்தையும் விசாரிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அரசூர் அருகே நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது. தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்துவிடலாம். கியர் பாக்ஸிலும் கிரௌன் ஹவுசிங்கிலும் ஆயிலை மாற்றாமல் விட்டிருந்தால், அது பால் கலந்த காபி நிறத்தில் வெளியே வரும். ஒயரிங் மூட்டுகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

எஞ்சினைப் பார்க்க விடியற்காலையில், முன்னறிவிப்பு இல்லாமல் போவது நல்லது. ஏற்கெனவே சூடேற்றி வைத்த வண்டி யாருக்கும் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன். பிஸ்டன், லைனர் வேலை காத்திருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழுமாக ஆட்டினால் கிங் பின் தேய்மானம் கைக்கே தெரியும். டயரில் பட்டன் மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

இனி காகிதம். ஆர்.சி.யில் பைனான்ஸ் பதிவு இருந்தால், கடன் கொடுத்த நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் முன்பணம் தரக்கூடாது. சேசிஸ் எண் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். நிலுவை அபராதம், காலாண்டு வரி, தகுதிச் சான்று (எஃப்.சி.) ஆகியவற்றைப் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். எட்டு வருடம் கடந்த வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும். நேஷனல் பெர்மிட்டுக்கும் வயது வரம்பு உண்டு: இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 ஆண்டு, மல்டி ஆக்சிலுக்கு 15. பத்து வயது ஆறு சக்கர லாரியை வாங்கி வடக்கே ஓட்டத் திட்டமிடுகிறவருக்குக் கையில் இருப்பது இரண்டே வருடம். இதைத் தவணைக் காலத்தோடு வைத்துப் பார்க்காதவர்கள் ஏராளம்.

படிவம் 29, 30இல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றவர்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கடனுக்கு வழி உண்டு. 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், டிரைவராக இருந்து உரிமையாளர் ஆகிறவர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்தே பெரிதாக வளர்ந்தது. கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. முதல் சில மாதங்களில் பழைய வண்டி கட்டாயம் செலவு வைக்கும்.

வாங்கியபின், பழைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று கேட்காமல் எஞ்சின், கியர், கிரௌன் ஆயில்களையும் ஃபில்டர்களையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது வழக்கம். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடிக்க வேண்டும். விட்டால் பிரேக் வால்வுகள் கெடும். கடலோரப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்பு படியும். கூலண்ட் செலவு அதற்கு எவ்வளவோ மேல். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டியானால் புகையைச் சுத்திகரிக்கும் ஆட்ப்ளூ அமைப்பை யாராவது பைபாஸ் செய்திருக்கிறார்களா என்று லேப்டாப் மாட்டிப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்தபிறகும் அனுபவசாலிகள் முதல் நடையை டெல்லிக்குப் போடுவதில்லை. சென்னைக்கும் திருச்சிக்குமாகச் சில லோடு அடித்துப் பார்க்கிறார்கள். வழியில் நின்றால் சொந்த ஊர் மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்துவிடும் தூரம் அது.