பழைய கணினியைப் புதுப்பித்தலும் திறந்த மூல மென்பொருளும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
க.பொ.த. (சாதாரண தரம்) பரீட்சை வழிகாட்டி



வன்பொருள், பணிசெயல் முறைமை, மென்பொருள் உரிமம், இலத்திரனியல் கழிவு ஆகிய நான்கையும் நீங்கள் தனித்தனிப் பாடங்களாகக் கற்றிருப்பீர்கள். ஆனால் பரீட்சையில் இவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தியும் வினாக்கள் அமையலாம். நான்கும் ஒன்றுசேரும் ஒரு செயற்பாட்டை இப்பாடத்தில் நோக்குவோம். நன்கொடையாகக் கிடைக்கும் பழைய கணினிகளைச் சீர்செய்து, திறந்த மூல மென்பொருளை நிறுவி, தேவையுடையோருக்கு வழங்குதலே அச்செயற்பாடாகும்.

1. கணினி எப்போது "பழையது" ஆகின்றது?

ஒரு கணினி கைவிடப்படுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உள்ளன.

(அ) வன்பொருளில் ஏதேனும் ஒரு பகுதி பழுதடைதல்.
(ஆ) புதிய மென்பொருள் வேண்டும் நினைவகமும் வேகமும் அதில் இல்லாதிருத்தல்.
(இ) அதிலுள்ள பணிசெயல் முறைமைக்கான ஆதரவை உற்பத்தி நிறுவனம் நிறுத்திவிடுதல்.

இவற்றுள் முதலாவது மட்டுமே உண்மையான பழுதாகும். மற்றைய இரண்டிலும் இயந்திரம் நன்றாகவே இருக்கின்றது. விண்டோஸ் 10 இதற்கு நல்ல உதாரணம். அதற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 இற்கு டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு வசதியும் குறிப்பிட்ட வகைச் செயலிகளும் தேவை. இவை இல்லாத கணினிகள் நன்கு இயங்கினாலும், உற்பத்தியாளர் வகுத்த முறைப்படி அவற்றில் விண்டோஸ் 11 ஐ நிறுவ முடியாது. இவ்வாறான கணினியை வீசிவிடுவதா, வேறொரு பணிசெயல் முறைமையை நிறுவிப் பயன்படுத்துவதா என்பதே இன்றைய கேள்வி.

வீசிவிட்டால் நிகழ்வது என்ன? பழைய குழாய்த் திரைகளின் கண்ணாடியிலும் பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றாசிலும் ஈயம் உண்டு. முன்னைய தட்டைத் திரைகளின் பின்விளக்குகளில் பாதரசம் உண்டு. இவை மண்ணையும் நீரையும் மாசுபடுத்தும். வேறு நாடுகளுக்குக் கொண்டுசென்று கொட்டப்படுவதும் உண்டு. அபாயகரமான கழிவுகள் எல்லை கடந்து செல்வதைக் கட்டுப்படுத்தவே 1989 இல் பாசல் சமவாயம் ஏற்படுத்தப்பட்டது.

2. ஓர் உதாரணம்: போர்ட்லண்ட் நகரின் "பிறீ கீக்"

ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்ட் நகரில் 2000 ஆம் ஆண்டில் "பிறீ கீக்" எனும் இலாப நோக்கற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இலத்திரனியல் கழிவைக் குறைத்தலும், கணினி வாங்க வசதியற்றோருக்கு அதைக் கிடைக்கச் செய்தலும் அதன் நோக்கங்களாகும்.

அவ்வமைப்பின் ஆரம்பகால நடைமுறைகள் இரண்டை அறிந்திருத்தல் நல்லது. ஒன்று, 24 மணித்தியாலங்கள் தொண்டராக வேலை செய்தவர் ஒரு கணினியைப் பெற்றுக்கொள்ளலாம். மற்றையது, கணினி பொருத்தக் கற்றுக்கொள்பவர் ஐந்து கணினிகளைப் பிறருக்காகப் பொருத்தி முடித்தபின், ஆறாவதைத் தமக்கென வைத்துக்கொள்ளலாம். இக்கணினிகளில் லினக்ஸ் பணிசெயல் முறைமையே நிறுவப்பட்டது.

மாணவர்களே, இதிலுள்ள சிறப்பைக் கவனியுங்கள். பெறுபவர் கைநீட்டி வாங்குபவராக இருக்கவில்லை; உழைப்பைக் கொடுத்துப் பெற்றார். கழற்றிப் பூட்டப் பழகியவருக்கு, வீட்டில் கணினி நின்றுபோனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. கணினியைக் கொடுத்து அறிவைக் கொடுக்காவிட்டால், முதற் பழுதோடு அது மீண்டும் மூலையில் கிடக்கும்.

3. புதுப்பித்தலின் படிமுறைகள்

படிமுறை 1 – தரவை முற்றாக அழித்தல்

நன்கொடையாளரின் கடிதங்கள், புகைப்படங்கள், கடவுச்சொற்கள் வன்தட்டில் இருக்கலாம். கோப்பை அழித்து, மீள்சுழற்சித் தொட்டியை வெறுமையாக்கினாலும் தரவு உண்மையில் நீங்குவதில்லை. அக்கோப்பு இருந்த இடம் வெறுமையானது எனக் குறிக்கப்படுகின்றது, அவ்வளவே. விரைவு வடிவமைப்பின் பின்னரும் மீட்பு மென்பொருளால் தரவை எடுக்கலாம். எனவே வன்தட்டு முழுவதும் வேறு தரவை மேலெழுத வேண்டும். திண்மநிலைச் சேமிப்பகமாயின் மேலெழுதல் மட்டும் போதாது. அதற்கென உற்பத்தியாளர் வழங்கும் அழித்தற் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். மேலெழுத முடியாத பழுதான வன்தட்டை உடைத்து அழிப்பதே பாதுகாப்பானது.

படிமுறை 2 – பரிசோதித்தல்

மின்னிணைப்பைத் துண்டித்து, உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். தூசியைத் துப்புரவாக்கி, மின்விசிறி சுழல்கின்றதா, தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகள் உப்பியுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். மின் வழங்கல் அலகை மட்டும் ஒருபோதும் திறக்கக்கூடாது. மின்னைத் துண்டித்த பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம்.

படிமுறை 3 – பகுதிகளை மாற்றுதல்

பயன்படாத கணினியிலிருந்து நல்ல பகுதிகளை எடுத்து மற்றையதில் பொருத்தலாம். நினைவகத்தை மாற்றும்போது அதன் வகை பொருந்த வேண்டும். டி.டி.ஆர். 3 நினைவகம் டி.டி.ஆர். 4 துளையில் பொருந்தாது. கணினியின் திகதியும் நேரமும் அடிக்கடி பிழைத்தால், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ற்று நாணய மின்கலத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

படிமுறை 4 – மென்பொருள் நிறுவுதல்

கணினியின் திறனுக்கேற்ற பணிசெயல் முறைமையைத் தெரிவுசெய்ய வேண்டும். உதாரணமாக, லினக்ஸ் மின்ற்றுக்கு ஆகக் குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். 4 ஜிகாபைட் இருப்பின் வசதியாக இயங்கும்.

படிமுறை 5 – பயிற்சியுடன் கையளித்தல்

பெறுபவருக்குக் கணினியை இயக்கவும், கோப்பைச் சேமிக்கவும், இற்றைப்படுத்தவும் காட்டிக்கொடுத்த பின்னரே கையளிக்க வேண்டும்.

4. திறந்த மூல மென்பொருள் ஏன்?

ஒரு மென்பொருளின் மூலக்குறிமுறையைப் பார்க்கவும், மாற்றவும், பிரதிசெய்து பகிரவும் உரிமம் இடமளித்தால் அது திறந்த மூல மென்பொருளாகும். ரிச்சட் ஸ்ரோல்மன் 1983 இல் குனூ செயற்றிட்டத்தை அறிவித்தார். லினஸ் டோவால்ட்ஸ் 1991 இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததன் பயனாகவே டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ற் போன்ற முறைமைகள் உருவாகின. சொல்முறை வழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை ஆகியவற்றுக்கு 2010 இல் தோன்றிய லிப்ரே ஒபிஸ் உள்ளது.

புதுப்பிப்போருக்கு இதனால் கிடைக்கும் நன்மைகள்:

• எத்தனை கணினிகளில் நிறுவினாலும் உரிமக் கட்டணம் இல்லை.
• பழைய கணினிக்கேற்ற எளிய மேசைத்தளச் சூழலைத் தெரிவுசெய்யலாம்.
• பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் தொடர்ந்து கிடைக்கும்.
• பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது குற்றமாகாது.

கடைசி நன்மை முக்கியமானது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்கின்றது. உதவி செய்யும் நோக்கத்துடன் கொடுத்தாலும், உரிமமற்ற பிரதி உரிமமற்ற பிரதியே. வசதியற்ற ஒருவரின் கையில் சட்டவிரோதமான பொருளைக் கொடுப்பது உதவியாகாது.

அதேவேளை, எல்லைகளையும் மறக்கக்கூடாது. சில தொழில்களுக்கு விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் தேவைப்படலாம். சில பழைய அச்சுப்பொறிகள் லினக்ஸில் இயங்காமற் போகலாம். ஆகவே, பெறுபவரின் தேவையை முதலில் கேட்டறிய வேண்டும். எந்தவகையிலும் சீர்செய்ய இயலாத கணினியை "நன்கொடை" என்று கொடுப்பது, நம்முடைய கழிவை ஏழையின் வீட்டு வாசலில் வைப்பதற்கு ஒப்பாகும்.

5. மாதிரி வினாவும் விடையும்

ஒரு கிராமத்து வாசிகசாலைக்கு ஒரே மாதிரியான 10 பழைய கணினிகள் நன்கொடையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு 2 ஜிகாபைட் நினைவகமும் ஒரு வன்தட்டும் இருந்தன. இரண்டு நினைவகங்களைப் பொருத்த இடமுண்டு. 2 கணினிகளில் தாய்ப்பலகை மட்டும் பழுது. வேறு 3 கணினிகளில் வன்தட்டு மட்டும் பழுது. புதிதாக எதுவும் வாங்கப் பணமில்லை.

(i) ஆகக் கூடியது எத்தனை கணினிகளை முழுமையாக இயக்கலாம்?

விடை: நல்ல தாய்ப்பலகைகள் 10 – 2 = 8. நல்ல வன்தட்டுகள் 10 – 3 = 7. ஒரு கணினிக்கு இரண்டும் தேவையாதலால் 7 கணினிகளை இயக்கலாம்.

(ii) அவ்வாறாயின் எத்தனை கணினிகளுக்கு 4 ஜிகாபைட் நினைவகம் கிடைக்கும்?

விடை: நினைவகங்கள் 10. ஏழு கணினிகளுக்கும் ஒவ்வொன்று கொடுத்தபின் 3 எஞ்சும். எனவே 3 கணினிகளுக்கு 4 ஜிகாபைட்டும், 4 கணினிகளுக்கு 2 ஜிகாபைட்டும் கிடைக்கும்.

(iii) எல்லாவற்றிலும் 4 ஜிகாபைட் இருக்க வேண்டுமெனின் எத்தனை கணினிகள் கிடைக்கும்? இரண்டு திட்டங்களில் எதைத் தெரிவுசெய்வீர்? காரணம் தருக.

விடை: 10 ÷ 2 = 5 கணினிகள். தெரிவு பயன்பாட்டைப் பொறுத்தது. தட்டச்சுப் பழகவும் கட்டுரை எழுதவும் 2 ஜிகாபைட் ஓரளவு போதுமாதலால், ஒரே நேரத்தில் கூடுதலானோர் கற்க 7 கணினிகள் நன்று. இணையத்தில் பாடங்களைப் பார்ப்பதே முக்கிய தேவையாயின், தடங்கலின்றி இயங்கும் 5 கணினிகள் நன்று.

கவனிக்க: (iii) இல் எத்தெரிவும் சரியே. ஆனால் பயனாளரின் தேவையோடு தொடர்புபடுத்திய காரணம் எழுதப்பட வேண்டும். "கூடுதல் என்பதால் நல்லது" என்று மட்டும் எழுதுவது காரணமாகாது.

பயிற்சி

1. விரைவு வடிவமைப்பு ஏன் தரவுப் பாதுகாப்புக்குப் போதாது?
2. ஆதரவு நிறுத்தப்பட்ட பணிசெயல் முறைமையைத் தொடர்ந்து பயன்படுத்துவதால் ஏற்படக்கூடிய தீங்கு ஒன்றைக் கூறுக.
3. மேலுள்ள வாசிகசாலையில் எஞ்சிய பகுதிகளை என்ன செய்யலாம்? இரண்டு ஆலோசனைகள் தருக.

மாணவர்களே, உங்கள் பாடசாலையிலோ அயலிலோ துணி மூடிக் கிடக்கும் கணினி ஒன்று இருக்கக்கூடும். அதன் பழுது (அ), (ஆ), (இ) ஆகியவற்றுள் எதைச் சேர்ந்தது என்பதை ஆசிரியரின் துணையுடன் ஆராய்ந்து பாருங்கள். பரீட்சைக்கும் அது நல்ல பயிற்சியாகும். அக்கணினிக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கும் பயன்தரும்.