நீச்சல் குளத்து மோட்டாரும் குளோரினேட்டரும்: ஒரு மின்னிணைப்புப் பிழையின் விலை

கடலூர் வட்டாரத்தில் நீச்சல் குளத்து மோட்டார்கள் தேய்ந்து கெடுவதைவிட நீரில் மூழ்கிக் கெடுவதே மிகுதி எனலாம். குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே பம்பை அமைத்தால் நீர் தானே வந்து நிற்கும் என்பதற்காகக் குளத்தருகே குழி தோண்டி அதில் பம்பை இறக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது. வெள்ளம் வரும்போது முதலில் நிறைவதும் அக்குழியே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபின், சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை டிசம்பர் தொடக்கத்தில் கரைபுரண்டு ஆற்றோரப் பகுதிகளைச் சூழ்ந்தது. இக்கட்டுரைக்கு அடிப்படையான தங்கும் விடுதிக் குளத்தின் மோட்டாரும் அவ்வெள்ளத்தில் மூழ்கியதே. சிதம்பரத்தின் தாழ்வான பகுதிகளில் இதே வேலையைக் கொள்ளிடம் ஆறு செய்கிறது.

மூழ்கிய மோட்டாரைப் பிரித்து, கெட்டுப்போன செப்புக் கம்பிச் சுற்றை நீக்கிப் புதிதாகச் சுற்றுவதைக் காயில் கட்டுதல் என்பர். காயில் கட்டினால் போதும், புது மோட்டார் வீண்செலவு என்று கூறியோர் பலர். ஆயினும் வண்டலும் உப்பும் கலந்த நீரில் நாட்கணக்கில் கிடந்த மோட்டாரில் சுற்று மட்டும் கெடுவதில்லை. பேரிங்கும், தண்டின் வழியே நீர் கசியாமல் தடுக்கும் வாட்டர் சீலும் சேர்ந்தே கெடுகின்றன என்பதால், புதியது வாங்கியதே சரி என்பதில் ஐயமில்லை. வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பாசனத்துக்கு விற்கும் மோனோபிளாக் பம்புகளில் பல அதிக உயரத்துக்குக் குறைவான நீரைத் தள்ளுபவை. குளத்துக்கு வேண்டியதோ குறைந்த உயரத்துக்கு நிறைய நீர். 50,000 லிட்டர் குளத்தை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதும் வடிகட்ட, மணிக்கு ஏறத்தாழ 8,300 லிட்டர் தள்ளினால் போதும். அதற்கு முக்கால் எச்.பி. மோட்டாரே ஈடுகொடுக்கும், கடையில் ஒன்றரை எச்.பி. எடுத்து வைப்பது வேறு கணக்கு.

பொருத்துவதில் சொல்ல அதிகமில்லை. மெயினை நிறுத்தி, வால்வுகளை மூடி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, மும்முனை மோட்டாராயின் சுழலும் திசையைப் பார்த்து, தவறாக இருந்தால் இரு முனைகளை இடம் மாற்றினால் வேலை முடிந்தது. இவ்வட்டாரத்து விடுதிகளில் மும்முனை இணைப்பு இல்லாத இடம் அரிது என்பதால், ஒருமுனை மோட்டாரைப் பற்றி இங்குப் பேசப்படவில்லை.

சிக்கல் குளோரினேட்டரில் தொடங்குகிறது. குளத்து நீரில் கரைத்த உப்பிலிருந்து மின்னாற்பகுப்பின் மூலம் குளோரினைப் பிரித்தெடுக்கும் கருவி இது. வடிகட்டிக்குப் பின்னுள்ள குழாயில் பொருத்தப்படும் செல் என்னும் உறைக்குள் ருத்தேனியம் ஆக்சைடு போன்ற பூச்சுடைய டைட்டானியத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றினூடே நேர்மின்சாரம் பாயும்போது ஒரு தகட்டில் குளோரினும் எதிர்த் தகட்டில் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. ஒவ்வோர் இணைத் தகட்டிலும் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 1.3 கிராம் குளோரின் கிடைக்கும். நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை குளோரின் நீரில் கரைந்துவிடுகிறது. ஹைட்ரஜன் குமிழிகளாகக் குளத்துக்குச் சென்று காற்றில் கலைந்துவிடுகிறது. நீர் நின்றபின்னும் மின்சாரம் பாய்ந்தால், தீப்பற்றக்கூடிய அவ்வாயு செல்லின் மேற்பகுதியிலேயே தேங்கும். ஆகவே மோட்டார் ஓடும்போது மட்டுமே குளோரினேட்டருக்கு மின்சாரம் கிடைக்கவேண்டும் என்பது இக்கருவியின் அடிப்படை விதி. விளக்கக் கையேட்டில் அது தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டே இருக்கிறது.

மேற்கூறிய விடுதியில் மோட்டாரை மாற்றிய மின்பணியாளர், அதே நாளில் குளோரினேட்டரைச் சுவரிலிருந்த தனி பிளக் பாயிண்டில் செருகிவிட்டார். இரண்டுக்கும் ஒரே நேரத்தை டைமரில் வைத்துவிட்டால் போதும் என்பது அவர் வாதம். கட்டுரையாளர் அப்போதே இதை மறுத்தார் என்பதையும், ஊரெங்கும் இப்படித்தான் கொடுக்கிறோம் என்ற பதிலே கிடைத்தது என்பதையும் பதிவு செய்வது தகும். டைமர் நேரத்தைத்தான் அறியும், மோட்டார் ஓடுகிறதா என்பதை அறியாது. மும்முனை மோட்டாரின் ஸ்டார்ட்டரில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் என்னும் காப்புக் கருவி உண்டு. மூன்று ஃபேஸ்களில் ஒன்று அறுந்தாலும் மோட்டார் எரிந்துபோகாதபடி அது உடனே நிறுத்திவிடும். கடற்காற்றில் ஃபியூஸ் கேரியர்களும் முனைகளும் பச்சை பூத்துப்போகும் கடலூரில் ஒரு ஃபேஸ் போவது அன்றாடச் செய்தி. அவ்வாறு ஓரிரவு ஒரு ஃபேஸ் போனபோது மோட்டார் நின்றது. பிளக் பாயிண்டோ வேறொரு ஃபேஸில் இருந்தமையால் குளோரினேட்டர் விடியும்வரை ஓடியது.

இத்தகைய நிலைமைக்காகவே ஃப்ளோ சுவிட்ச் என்னும் நீரோட்ட உணரி செல்லுக்கு அருகில் இருக்கிறது. நீர் ஓடும்போது சாயும் சிறு துடுப்பு, நீர் நின்றால் நிமிர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இக்குளத்தை நிரப்பிய ஆழ்துளைக் கிணற்று நீரிலிருந்த இரும்பு, செந்நிறச் சேறாகப் படிந்து அத்துடுப்பை இறுக்கியிருந்தது. அதைக் கழற்றிக் கழுவியிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக அதன் இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்தது. காலையில் பார்த்தபோது ஒளிபுகும் செல் உறைக்குள் நீர்மட்டம் இறங்கி, தகடுகளின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தது. எஞ்சிய நீர் வெளிர்மஞ்சளாக இருந்தது. இதன் பொருளை அறியாத காவலர் ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்த, பாய்ந்து வந்த நீர் தேங்கிய வாயுவை நெருக்க, உறை நீளவாக்கில் பிளந்தது. எவருக்கும் காயமில்லை. புதிய செல்லின் விலை புதிய மோட்டாரின் விலையை விஞ்சியது.

சரியான இணைப்பு கடினமானதன்று. ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் கான்டாக்டரில், முதன்மை முனைகள் மூன்றுடன் துணை முனை ஒன்றும் இருக்கும். பச்சைப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தபின்னும் கான்டாக்டர் விடாமல் பிடித்திருப்பதற்கு அம்முனை பயன்பட்டுவிடுகிறது. வேறு முனை இல்லையென்று கண்டவுடன் பணியாளர்கள் பிளக் பாயிண்டைத் தேடுவதன் காரணம் இதுவே. கான்டாக்டரின்மேல் அழுத்திப் பொருத்தக்கூடிய கூடுதல் துணைமுனைத் தொகுதி கடையில் கிடைக்கிறது, செல்லின் விலையோடு ஒப்பிட்டால் அது செலவே அன்று. மின்பலகையிலிருந்து வரும் ஒரு ஃபேஸை இத்தொகுதியின் வழியே குளோரினேட்டருக்குக் கொண்டுசென்று, நியூட்ரலை மின்பலகையிலிருந்து தனிக் கம்பியாக இழுத்துவிட்டால், எக்காரணத்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரை நிறுத்தினாலும் குளோரினேட்டரும் அக்கணமே நிற்கும்.

நியூட்ரலைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மும்முனை மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை என்பதால் ஸ்டார்ட்டர் பெட்டிவரை அது வந்திருக்காது. அங்கே கைக்கெட்டும் எர்த் கம்பியையே நியூட்ரலாக்கிக்கொள்ளும் பழக்கம் இவ்வட்டாரத்தில் உண்டு. அந்த எர்த் கம்பி எங்கேனும் அறுந்தால், அதனோடு இணைந்த மோட்டார் உடலும் குளத்து ஏணியும் மின்னூட்டம் பெற்றுவிடும். ஈரக் கையோடு ஏணியைப் பிடிப்பவரின் நிலையை விளக்கவேண்டியதில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் இக்குறுக்குவழி முதல் நிமிடத்திலேயே அகப்பட்டுவிடும். அதனாலேயே சிலர் ஆர்.சி.சி.பி.யைத் தொல்லை என்று கழற்றிவிடுகின்றனர்.

பணி முடிந்ததும், மோட்டாரும் குளோரினேட்டரும் ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு ஃபேஸை மின்பலகையில் நிறுத்திப் பார்க்கவேண்டும். குளோரினேட்டருக்கு மின்சாரம் தரும் ஃபேஸை விட்டுவிட்டு, மற்ற இரண்டில் ஒன்றை நிறுத்துவதே உண்மையான சோதனை; அந்நிலையில் குளோரினேட்டரின் விளக்கு மோட்டாரோடு சேர்ந்து அணையவேண்டும். கூலி கொடுப்பதற்கு முன் பணியாளர் கையாலேயே இதைச் செய்விப்பது நல்லது, பின்னர் அழைத்தால் அவர் வருவதில்லை.

இணைப்பு சரியானபின், குளோரினேட்டருக்காகக் குளத்தில் கரைக்கும் உப்பின் அளவையும் கவனிக்கவேண்டும்; அதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கன மீட்டருக்கு 4 கிலோ என்ற பொதுக் கணக்கில் 50,000 லிட்டர் குளத்துக்கு 200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைகள் நான்கு, என்று விற்பனையாளர் எழுதிக்கொடுப்பார். அக்கணக்கு நன்னீருக்கு உரியது. சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழி நீர் ஊடுருவிய நிலத்தடி நீரில் உப்பு முன்பே இருப்பதால், நான்கு மூட்டையையும் கொட்டினால் அளவு மிஞ்சி, கருவி மிகை மின்னோட்டம் காட்டித் தானே நின்றுவிடும். மிஞ்சிய உப்பை நீக்க, குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றி நன்னீர் லாரியை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.