எது தலை, எது வால்?

போன இதழில் நான் கோலம் போட்டிருந்தேன். இந்தத் தடவை ஒரு போட்டோவைப் பற்றி எழுதுகிறேன்.

காலாண்டு லீவுக்குத் திண்டுக்கல்லில் இருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தாங்க. எல்லாரும் வேன் பிடித்து மன்னவனூர் ஏரிக்குப் போனோம். முந்தின ராத்திரி நல்ல மழை. புல்வெளி ஓரமா நடக்கும்போது தம்பி, "அக்கா, பெரிய புழு!" என்று கத்தினான்.

ஒரு சாணுக்கு மேல் நீளம். சுண்டுவிரல் தடிமன். கறுப்புதான், ஆனால் வெயில் பட்டதும் தண்ணீரில் மண்ணெண்ணெய் மிதக்கிற மாதிரி நீலமும் பச்சையுமா மின்னியது. சித்தப்பா, "இருதலை மணியன், தொடாதீங்க, நக்கினா குஷ்டம் வரும்" என்றார். அப்பத்தா, "ஆறு மாசம் இந்தப் பக்கம் தலை, ஆறு மாசம் அந்தப் பக்கம் தலை" என்றது. டிரைவர் அண்ணன் அதை விற்றால் கோடி ரூபாய் என்றார்! அதற்குள் எங்க அண்ணன் செல்போனில் மூணு போட்டோ எடுத்தான். அது ஈர மண்ணுக்குள் போயே போச்சு. எந்தப் பக்கம் முதலில் போச்சு என்று கேட்டால் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ராத்திரி வீட்டில் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தோம். உடம்பு முழுக்கச் செதில் இருந்தது. மண்புழுவுக்குச் செதில் கிடையாது. அதனால் புழு இல்லை, பாம்புதான். ஒரு முனை தடியா, மொட்டையா, மண் ஒட்டி இருந்தது. இன்னொரு முனை கூர்மையா இருந்தது. தடியா இருப்பதுதான் தலை என்று எல்லாரும் சொன்னோம். ஆனால் மூணாவது போட்டோவில் கூர் முனையில் கடுகை விடச் சின்னதா ஒரு கறுப்புப் புள்ளி. அது கண்! அப்படின்னா நாங்க அவ்வளவு நேரம் வாலைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறோம்.

லீவு முடிந்ததும் அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். இது கேடயவால் பாம்பு என்றார்கள். இந்தக் குடும்பத்தில் 50க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. உலகத்திலேயே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கு. விஷம் இல்லை. மண்ணுக்குள் வாழும், மண்புழு தின்னும், முட்டை போடாமல் குட்டி போடும். செதில் வரிசையை எண்ணினால்தான் எந்த வகை என்று சொல்ல முடியும். எங்க போட்டோவில் எண்ண முடியவில்லை. ஒரு வகைக்கு யூரோபெல்டிஸ் புல்னேயென்சிஸ் என்று பெயர். புல்னே என்றால் நம்ம பழனி மலை. வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேயர் 1863இல் வைத்த பெயர். நம்ம மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல்தான் கிடைத்தது. பாம்பு நம்ம பூண்டை முந்திவிட்டது.

சரி, வால் ஏன் மொட்டை? தலையால் மண்ணைக் குடைந்துகொண்டு முன்னால் போகும். வால் நுனியில் சொரசொரப்பான கேடயம் இருக்கும், அதில் மண் ஒட்டிக்கொள்ளும். பின்னால் துரத்தி வருகிற எதிரிக்கு, ஓட்டையை மூடி போட்டு அடைத்த மாதிரி ஆகிவிடும். எதிரி கடித்தாலும் வாலில்தான் படும், தலை தப்பித்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விஷயம். 1978இல் கார்ல் கான்ஸ் என்ற விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் இதன் தசையை ஆராய்ந்தார்கள். முன்பக்கத் தசை சிவப்பு, களைக்காமல் வேலை செய்யும். பின்பக்கத் தசை வெள்ளை. முன்பக்கம் குடைந்து இழுக்க, பின்பக்கம் சும்மா கூடவே வரும். அவங்களே இதைக் கூட்ஸ் ரயில் மாதிரி என்று எழுதினாங்க. கொடை ரோடு ஸ்டேஷனில் நான் பார்த்த கூட்ஸ் வண்டி ஞாபகம் வந்தது. முன்னாடி இன்ஜின், பின்னாடி எல்லாம் பெட்டி.

இருதலை மணியன் என்பது வேற பாம்பு, மண்ணுளிப் பாம்பு. அதற்கும் தலை ஒண்ணுதான். கோடி ரூபாய் கதை சொல்லி ஏமாற்றுகிறவர்களால் அது பிடிபட்டுச் சாகிறது. 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். குஷ்டம் ஒரு பாக்டீரியாவால் வருவது, மருந்தும் இருக்கு. பாம்பு நக்கி வராது.

இதைப் படித்துவிட்டு யாரும் பாம்பைக் கையில் எடுக்காதீங்க. நம்ம சோலைக் காட்டில் பச்சை விரியனும் இருக்கு, அதற்கு விஷம் உண்டு.

ஒண்ணு சொல்லணும். போன வருஷம் எங்க பூண்டுத் தோட்டத்தில் பாத்தி கொத்தும்போது இதே மாதிரி ஒண்ணு வந்தது. "அப்பா, பாம்பு!" என்று கத்தினது நான்தான். அப்பா மண்வெட்டியால் ரெண்டு துண்டாக்கினார். ரெண்டு துண்டும் துடித்ததைப் பார்த்து, பாரு ரெண்டு தலை என்று நானே தம்பியிடம் சொன்னேன். அந்த மின்னல் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒண்ணு வந்தது. அப்பா மண்வெட்டியைத் தூக்கினார். "அது வாலுப்பா" என்றேன். விஷம் இல்லை என்றும் சொன்னேன். "மண்புழுவைத் தின்னுமே?" என்று கேட்டார். "தின்னும்ப்பா. நம்ம மண்ணுல மண்புழு நிறைய இருக்கு, அதான் வந்திருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் ஒரு கை மண்ணை அள்ளி அதன் மேலே போட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போனார்.

அப்பத்தா மட்டும் இன்னும் நம்பவில்லை. ஆறு மாசம் கழித்து மறுபடி போட்டோ எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்கிறது.