நுண்கணிதத்தின் ஏற்றம்

மத்தியப் பாடத்திட்டத்தில் பயிலும் மாணவர் நுண்கணிதத்தை முதன்முதலாகச் சந்திப்பது பதினொன்றாம் வகுப்பில். கால்குலஸ் என வகுப்பில் வழங்கும் அப்பகுதி, அங்கே ஒரே ஓர் இயலில் அடங்கிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பிலோ ஐந்து இயல்களாக விரிந்து, எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்களில் 35ஐத் தன்வசம் வைத்துக்கொள்கிறது. முதலாண்டில் "இவ்வளவுதானா?" என்று கேட்ட மாணவரே மறு ஆண்டின் நடுவில் திகைத்து அமர்ந்திருப்பதுண்டு. இடையில் நேர்ந்தது யாது?

தொடக்கம் எளிதன்று, எளிதுபோலத் தோன்றுகிறது. உயரத்திலிருந்து ஒரு கல் விழுகிறது. கணக்கின் வசதிக்காக, அது கடக்கும் தொலைவு நொடிகளின் வர்க்கத்தைப்போல் 5 மடங்கு மீட்டர் என்க. 2 நொடியில் 20 மீட்டர்; 3 நொடியில் 45 மீட்டர். இடைப்பட்ட சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டர். சரியாக 2ஆம் நொடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன? இடைவெளியை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காக்கினால் 20.5 கிடைக்கிறது. நூறில் ஒரு பங்காக்கினால் 20.05. இடைவெளி சுருங்கச் சுருங்க, விடை 20ஐ நெருங்குகிறது. அந்த 20தான் எல்லை, அதாவது லிமிட். ஆயினும் இடைவெளியைச் சுழியமாகவே ஆக்கிவிட முடியாது. ஆக்கினால் சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க நேரிடும்.

இந்த நுட்பம் சிறுவர்க்கு மட்டும் கடினமானதன்று. நியூட்டனும் லைப்னிட்சும் 17ஆம் நூற்றாண்டிலேயே நுண்கணிதத்தை உருவாக்கிவிட்டனர். எல்லை என்னும் கருத்தோ, கோஷி 1821இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே தெளிவான வடிவம் பெறத் தொடங்கியது. பாடநூல் அதைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறது!

அடுத்து வகையிடல் விதிகள் வருகின்றன. மாணவர் எல்லையை மறந்து விதிகளைப் பற்றிக்கொள்கிறார். மதிப்பெண்ணும் கிடைக்கிறது. பின்னர் வரும் இடர்ப்பாட்டின் வித்து இங்கேயே விழுகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் தொடர்ச்சி என்னும் பகுதி, மறந்த எல்லையைத் திரும்பக் கேட்கிறது. சங்கிலி விதி சில நாள் பயிற்சியில் வசப்பட்டுவிடும். கூம்பு வடிவத் தொட்டியில் நீர்மட்டம் உயரும் வேகத்தைக் கேட்கும் கணக்குகளில், வகையிடுவதைவிடக் கேள்வியைச் சமன்பாடாக மாற்றுவதே பெரும்பாடு.

செங்குத்தான ஏற்றம் ஏழாம் இயலாகிய தொகையிடலில் தொடங்குகிறது. மாலையைப் பிரித்துப் பூக்களை உதிர்ப்பது யாவர்க்கும் இயலும். உதிர்ந்த பூக்களைக் கண்டு முன்பிருந்த அதே மாலையைக் கட்டுவது அவ்வாறன்று. இரு சார்புகளின் பெருக்கலை வகையிட ஒரு விதி உண்டு. அது எப்போதும் பயன்தரும். தொகையிட அத்தகைய உறுதியான விதி இல்லை. பிரதியிடலா, பகுதித் தொகையிடலா, பகுதிப் பின்னமா என்று மாணவரே தேர்ந்தாக வேண்டும். புள்ளியியலில் வரும் மணிவடிவ வளைகோட்டின் சார்புக்குப் பள்ளியில் அறிந்த சார்புகளால் தொகையீட்டை எழுதவே இயலாது.

பழைய வகுப்புகளின் பாக்கியும் இங்கேதான் வசூலாகிறது. பகுதிப் பின்னம் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் காரணிப்படுத்தலைக் கேட்கும். சைனின் வர்க்கத்தைத் தொகையிடப் பதினொன்றாம் வகுப்பின் திரிகோணமிதிச் சூத்திரம் வேண்டும். தவறு தொகையிடலில் நேர்ந்தது என மாணவர் எண்ணுகிறார்; விடைத்தாளை உற்று நோக்கினால் பிழை பெரும்பாலும் இயற்கணித வரியில் இருக்கும். இதை அறியாமலே கணிதத்தைக் கைவிட்டவர் பலர்.

இறுதியில் வரும் வகைக்கெழுச் சமன்பாடு அச்சுறுத்தும் பெயர் கொண்டது. தொகையிடலைக் கற்றவர்க்கு அதில் புதிதாக அஞ்ச ஒன்றுமில்லை.

தொகையிடலில் ஒரு நன்மையும் உண்டு. கிடைத்த விடையை வகையிட்டுப் பார்த்தால் கேள்வி மீண்டும் வரவேண்டும். வந்தால் விடை சரி. விடைக்குறிப்பைப் புரட்ட வேண்டியதில்லை.

சொற்பொருள்
சார்பு – ஃபங்ஷன். வகையிடல் – டிஃபரன்ஷியேஷன். தொகையிடல் – இன்டக்ரேஷன். சுழியம் – பூச்சியம்.

வினாக்கள்
1. கல்லின் வேகம் 3ஆம் நொடி முடியும் கணத்தில் எவ்வளவு? இடைவெளியைச் சுருக்கிக் காண்க.
2. 'பழைய வகுப்புகளின் பாக்கி' என்பது எதைக் குறிக்கிறது? உமது கணக்குக் குறிப்பேட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.