கீழிருந்து மேலேறும் இரத்தம்

பூண்டி நீர்த்தேக்கத்தினின்று கால்வாய் வழியே புழல் ஏரிக்குச் செல்லும் நீர் மீண்டும் பூண்டிக்குத் திரும்புவதில்லை. நம் உடலின் பாசனமோ வேறு வகையது. இருதயம் ஒரு துடிப்பிற்குச் சுமார் 70 மில்லி லிட்டராக, நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியே செலுத்துகிறது. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே அனுப்பியது உடனுக்குடன் திரும்பி வந்தாக வேண்டும். சங்கப் பேரேட்டில் பற்றும் வரவும் நாள் முடிவில் நேரானால் போதும். இருதயத்திற்கோ அத்தனை அவகாசம் கிடையாது.

இருதயத்தின் இடப்பக்கத்திலிருந்து புறப்படும் இரத்தம், தடித்த சுவருடைய தமனிகளின் வழியே ஓடி, மயிரிழையினும் நுண்ணிய குழாய்களில் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு, சிரைகளின் வழியே வலப்பக்கம் வந்து சேர்கிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று, பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு, மறுபடியும் இடப்பக்கம் வருகிறது. சிரைக்குள் நுழையும்போது இருதயம் தந்த வேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அவ்வாறாயின், கணுக்காலில் உள்ள இரத்தம் நாலடி உயரம் மேலேறுவது எங்ஙனம்?

அதை ஏற்றுவது கெண்டைக்கால். அத்தசை சுருங்குந்தோறும் உள்ளிருக்கும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறியது இறங்காதபடி சிரைக்குள் மதகு போன்ற சிறு தடுக்கிதழ்கள் உள்ளன. இரத்தம் சுற்றி வருகிறது என்பதை 1628-இல் நூலாக வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, இவ்விதழ்களையே முக்கியச் சான்றாகக் காட்டினார். அங்கத்தினர்களும் இதைச் சோதிக்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த ஒரு சிரையை விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி வழித்துவிடுங்கள். வெறுமையான அப்பகுதிக்கு மேலிருந்து இரத்தம் இறங்காது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்தே நிரம்பும்.

அசையாமல் நிற்பவரின் கணுக்காற் சிரையில் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 90 மில்லிமீட்டர் வரை ஏறும். சில அடிகள் நடந்தாலே அது வெகுவாகக் குறைந்துவிடும். குழித்தறியில் மிதிகட்டையை மாறி மாறி மிதிப்பவருக்கும், நாற்று நட்டுக்கொண்டே பின்வாங்கும் பெண்களுக்கும் கெண்டைக்கால் தானாகவே வேலை செய்கிறது. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறியருகே நிற்பவருக்கும், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் ஷிப்டு முழுவதும் ஓரிடத்தில் நிற்பவருக்கும் அவ்வாய்ப்பு குறைவு. கைகளே உழைக்கின்றன, கால்களோ தூண்களாய் நிற்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிரை விரிந்து, இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போக, இரத்தம் கீழே தேங்குகிறது. இதனையே நரம்புச் சுருட்டல் என்கிறோம். சுருண்டது நரம்பன்று, சிரை. முற்றினால் கணுக்காலருகே எளிதில் ஆறாத புண் தோன்றும்.

அரைமணிக்கொருமுறை குதிகாலை இருபது தடவை உயர்த்தித் தாழ்த்தினால் தேக்கம் குறையும். தறியை நிறுத்தவும் வேண்டியதில்லை. இரவில் தலைக்கு மட்டுமன்றிக் காலுக்கும் ஒரு தலையணை வைக்கலாம்.

எல்லா வீக்கமும் இவ்வகையன்று. இரு கால்களும் வீங்கி மூச்சும் இரைத்தால் இருதயத்திலோ சிறுநீரகத்திலோ குறை இருக்கலாம். ஒரே கால் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அக்காலை எண்ணெயிட்டு உருவிவிடாமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ மார்வலியோ சேர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.