போன கறை காலையில் திரும்பி வருவது ஏன்?

ரூம்மேட் டீயைக் கொட்டிட்டானா? கார்ப்பெட் ஹவுஸ் ஓனருடையது, கறை நின்னா அட்வான்ஸில் கழிப்பார். அதுக்காகப் பதறிப்போய் பிரஷ்ஷை எடுக்காதீங்க.

முதலில் குனிந்து பாருங்க. நூல் நுனி வெட்டப்படாமல் சின்னச் சின்ன வளையமா இருந்தால் அது லூப் பைல் கார்ப்பெட். தேய்த்தால் வளையம் பிசிறாகும். கறை போனாலும் அந்த இடம் தனியாகத் தெரியும்.

1. வெள்ளைத் துணியால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்க.

2. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கால் டீஸ்பூன் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்க. முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. நேரா ஊற்றினால் கறை அடிவரை இறங்கிடும்.

3. வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பை எடுங்க. சோப்பு தங்கினால் தூசி ஒட்டி, அதே இடம் மறுபடி கறுக்கும்.

இத்தோட முடிஞ்சதுன்னு தூங்கிடாதீங்க. மேலே ஈரம் ஆவியாக ஆக, அடியில் இருக்கும் டீ இழை வழியே ஏறி நுனியில் படியும். ஸ்கூலில் படித்த நுண்புழை ஏற்றம்தான். காலையில் கறை திரும்ப வருவது இதனால்தான்.

அந்த ஏற்றத்தையே நாம பயன்படுத்திக்கலாம். ஈரத்தின் மேல் வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தடிமனா அடுக்கி, பாலிதீன் கவர் போட்டு, மேலே நாலு தடிப் புத்தகம் வைத்து இரவு முழுக்க விடுங்க. ஏறி வரும் கறையை பேப்பர் உறிஞ்சிக்கும்.

கடைசியா ஒண்ணு: வளையம் ஏதாவது நீட்டிக்கிட்டு நின்னா இழுக்காதீங்க, வரிசையே உருவிக்கிட்டு வரும். கத்தரியால் மட்டமா வெட்டிடுங்க.